யார் கையில்

மின்னூலைத் திருப்பிக் கேட்டு என் கடை வாசலில் வந்து நின்ற ஒரே மனிதர் அவர்தான்.

மழை விடாத ஒரு மத்தியானம். மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தா பஸ் நிலையத்துக்கு எதிர் வரிசையில் என் கடை. போட்டோ காப்பி, போன் கவர், பாஸ்போர்ட் படம், கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று வயிற்றுப்பாட்டுக்கு எல்லாம் உண்டு. அவர் குடையை மடக்கி, தண்ணீர் உள்ளே வராதபடி வெளியே சாய்த்து வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"தம்பி, அந்தப் புஸ்தகத்தப் படிச்சிட்டீங்களா? மூணு வாரம் ஆச்சு லா."

"எந்தப் புஸ்தகம் கிராணி?"

"ரோசாச் செடிக்கு வர்ற நோய் பத்தினது. பென் டிரைவ்ல வாங்கிட்டுப் போனீங்களே."

அதை இரண்டு பக்கம் பார்த்துவிட்டு அன்றைக்கே அழித்திருந்தேன். அப்படியே சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். ரோசாச் செடிக்கு நோய் வந்தால் இவருக்கு என்ன என்று நான் முழித்தேன். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. எனக்கு ஒரு மின்னூலைக் கொடுத்தால் தன் கணினியிலிருந்து அதை அழித்துவிடுவாராம். நான் திருப்பிக் கொடுத்த பிறகுதான் மறுபடி சேர்ப்பாராம். கொடுத்தவனிடமும் ஒன்று இருந்தால் அது எப்படி இரவல் ஆகும் என்பது அவர் கட்சி.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அது இலவசமாகக் கிடைக்கிற புத்தகம். இரண்டே நிமிஷத்தில் மறுபடி இறக்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஆனால் வீட்டுக்குப் போனதும் தன் பட்டியலில் "தொலைந்ததற்கு ஈடாக வந்தது" என்று ஒரு வரி சேர்த்துவிட்டார். அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் இப்போது என் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் தோட்டத்தில் பாதிப் பேருக்கு அது யார் என்று தெரியாது. ஸ்டோர் கிராணி என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தேயிலைத் தோட்டத்தின் சாமான் கொட்டகைக்கு முப்பது வருஷம் அவர்தான் கணக்குப்பிள்ளை. மண்வெட்டி, கவாத்துக் கத்தி, மருந்தடிக்கிற பம்பு, மழைக்கோட்டு எல்லாம் அவர் கையால்தான் வெளியே போகும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் நம்பர் பொறித்த பித்தளைத் தகடு ஒன்று உண்டு. தகட்டைக் கொடுத்தால் சாமான் கிடைக்கும், தகடு சுவரில் ஆணியில் தொங்கும். சாமான் திரும்பினால்தான் தகடு திரும்பும். ஆணியில் தகடும் அலமாரியில் சாமானும் ஒரே நேரத்தில் இருந்தால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தம். அவருக்குத் தெரிந்த தத்துவம் அவ்வளவுதான்.

தோட்டத்து மேனேஜர் துரை ஒருநாள் குடை கேட்டு வந்தாராம். தகடு இல்லாமல் தர மாட்டேன் என்று இவர் சொல்ல, துரை நனைந்துகொண்டே பங்களாவுக்குப் போனாராம். இந்தக் கதையைத் தோட்டத்துச் சனங்கள் பெருமையாகச் சொல்வார்கள். இன்னொரு கதையும் உண்டு, அதைக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அவர் மனைவியும் கொழுந்து எடுக்கிறவர்தான். ஒருநாள் காலையில் தகட்டை வீட்டிலேயே மறந்துவிட்டு மழைக்கோட்டுக்கு வந்து நின்றிருக்கிறார். வரிசையில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தகடு எங்க?" என்று கேட்டிருக்கிறார் புருஷன். அந்த அம்மா திரும்பி மலையேறிப் போய், நாள் முழுக்க மழையில் நனைந்தபடியே கொழுந்தெடுத்தார். கேமரன் மலையில் நாள் முழுக்க நனைவது என்றால் என்னவென்று இங்கே இருப்பவனுக்குத்தான் தெரியும். எலும்புக்குள் ஏறின குளிர் ராத்திரி கம்பளிக்குள்ளும் இறங்காது.

அந்த அம்மாவே இதை வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பார் என்றார்கள். நான் அவரை உயிரோடு பார்த்ததில்லை.

கிராணி முதல் தடவை என் கடைக்கு வந்தது அந்த அம்மா இறந்து இரண்டு மாதம் கழித்து. நுரையீரலில் நோய். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் கிடந்து, அங்கேயே முடிந்துவிட்டது. கையில் அந்த அம்மாவின் போனும், தோள்பையில் ஒரு பழைய லேப்டாப்பும் கொண்டுவந்திருந்தார்.

"இதுல அவ புஸ்தகமெல்லாம் இருக்கு தம்பி. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டுப் படிச்சது. ஒன்னும் ஒழுங்கா இல்ல. ஒழுங்கு பண்ணணும்."

பார்த்தேன். இருநூறுக்கு மேலே மின்னூல்கள். சமையல், வேதாகமக் கதைகள், துப்பறியும் கதைகள், வீட்டு வைத்தியம், எதுவுமே விட்டுவைக்கவில்லை. கோப்பின் பெயர்களைப் பார்த்தால் எலி கடித்த காகிதம் தேவலாம். பழைய எழுத்துருவில் இருந்த சிலது திறந்தால் கட்டம் கட்டமாக வந்தது. என்னிடமும் அப்போது ஒரு பெரிய குப்பை இருந்தது, அதைக் கட்டி மேய்க்க ஒரு நூலக மென்பொருள் வைத்திருந்தேன். அதையே அவர் லேப்டாப்பிலும் போட்டுக் கொடுத்தேன்.

வாரம் இரண்டு நாள் வருவார். ஒரு சின்ன நோட்டில் நான் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்வார். கோப்புகளை மென்பொருளிடம் கொடுத்துவிட்டால் அது தனக்கென்று ஓர் அடுக்கு வைத்துக்கொள்ளும், அதற்குள் நாம் கையை விட்டு எதையும் நகர்த்தக் கூடாது என்று சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"ஸ்டோருக்குள்ள கண்டவனும் நொழையக்கூடாதுன்றான். சரியான ஆளு லா இவன்."

அன்றிலிருந்து அந்த மென்பொருள் அவருக்கு "அவன்" ஆனான். ஆசிரியர் பெயர் கிடைக்காத புத்தகத்துக்கு அவன் "தெரியாதவர்" என்று போட்டுவிடுவான். அது மட்டும் கிராணிக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, முதல் பக்கம் கடைசிப் பக்கம் தேடி, பெயரைக் கண்டுபிடித்து எழுதினார். அட்டைப்படம் இல்லாததற்கு அட்டை தேடினார். என் குப்பையில் நான் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டிருந்த வேலையை அவர் தன்னுடையதில் ஆறு வாரத்தில் முடித்தார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஒருநாள் கேட்டார்.

"புஸ்தகம் வெளிய போனாலும் பேரு ரெஜிஸ்டர்ல நிக்கணும். அவன்கிட்ட அதுக்கு வழி இருக்கா தம்பி?"

இருந்தது. கோப்பை மட்டும் நீக்கிவிட்டுப் புத்தகத்தின் பதிவை அப்படியே வைத்துக்கொள்ளலாம். பெயர், ஆசிரியர், அட்டை, குறிப்பு எல்லாம் நிற்கும், திறந்தால் ஒன்றும் வராது. கூடவே பட்டியலில் நமக்கு வேண்டிய நெடுக்குப் பத்தி ஒன்றைப் புதிதாகச் சேர்க்கலாம். பெரிய வித்தைக்காரன் மாதிரி செய்து காட்டினேன். பத்திக்கு என்ன தலைப்பு என்று கேட்டதற்கு, யோசிக்காமல் சொன்னார்: "யார் கையில்."

அதைக் கற்றுக்கொடுத்தவன் நான். இதை எங்கும் ஒளிக்க முடியாது.

ஸ்டோரை மூடி எல்லாவற்றையும் குத்தகைக்காரரிடம் விட்டபோது, பயனில்லாமல் போன தகடுகளை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அதிலிருந்து எனக்கு ஒன்று கொடுத்தார். மாதா கோயில் உபதேசியாருக்கு ஒன்று, பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவருக்கு ஒன்று. மின்னூல் வாங்கப் போனால் தகட்டைக் கொண்டுபோக வேண்டும். அவர் வீட்டுச் சுவரில் ஆணி வரிசை. நான் ஒருதடவை தகடு இல்லாமல் போய், டீ குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன்.

அந்த அம்மாவின் போனில் புத்தகங்கள் மட்டும் இருக்கவில்லை. ஒரு குறிப்பேட்டில் அவரே எழுதிவைத்தது இருந்தது. ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாமல் நாளுக்குக் கொஞ்சமாகத் தட்டியிருக்கிறார். கிராணி அதைக் கண்டுபிடித்தது அடக்கத்துக்குப் பிறகு.

"இதையும் புஸ்தகமா ஆக்க முடியுமா?"

என் கடைக் கணினியில் வைத்து ஆக்கிக் கொடுத்தேன். எண்பது பக்கம் வந்தது. அத்தியாயத் தலைப்புகள் அந்த அம்மா வைத்தவை. நான் தலைப்புகளைப் பெரிதாக்கி நடுவில் வைத்தேன், பத்தி பிரித்தேன், பொருளடக்கம் சேர்த்தேன். வேலை செய்கிறவன் படிக்க மாட்டான், கண் மட்டும் ஓடும். அப்படி ஓடும்போது இரண்டு இடத்தில் நின்றுவிட்டேன். ஓரிடத்தில் இப்படி இருந்தது: "மூணாம் கட்டில் இன்னைக்குக் காலி. போர்வைய மடிச்ச பிள்ள என் மொகத்தப் பாக்கல." இன்னோரிடத்தில்: "அவரு வந்தாரு. ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாரு. பேசல. வார்டுல எத்தன நாற்காலின்னு எண்ணிட்டுப் போயிட்டாரு."

அட்டைக்கு, அந்த அம்மா வார்டிலிருந்து எடுத்த ஜன்னல் படத்தைப் போடச் சொன்னார் கிராணி. ஆசிரியர் பெயரை அவரே தட்டினார், அடையாள அட்டையில் இருக்கிறபடி, இன்னாருடைய மகள் என்பது வரைக்கும். குறிப்புப் பெட்டியில் பொருளடக்கத்தையும் ஒன்று விடாமல் தட்டினார். சேமித்ததும் அவன் எழுத்து வரிசைப்படி அந்த அம்மாவைக் கொண்டுபோய் இரண்டு பெரிய எழுத்தாளர்களுக்கு நடுவில் வைத்தான். கிராணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்கு வந்த ஆளுக்கு நான் இரண்டு போன் கவர் விற்று முடித்த பிறகும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அன்றைக்குத்தான் மழைக்கோட்டுக் கதையை அவர் வாயால் கேட்டேன்.

"ஒரு கோட்டு குடுத்திருக்கலாம் தம்பி. யாரு கேக்கப்போறா?"

"நோய்க்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்காது கிராணி. எத்தனையோ வருசத்துக்கு முந்தி நடந்தது."

"டாக்டரும் இல்லன்னுதான் சொன்னாரு. அன்னைக்குப் பேஞ்ச மழை டாக்டருக்குத் தெரியுமா?"

புத்தகம் லேப்டாப்புக்கு வந்ததும் போனில் இருந்ததையெல்லாம் அழித்து, பக்கத்து வீட்டில் குடியிருந்த வங்காளதேசத்துத் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டார். ஊருக்குப் பேச அவனிடம் போன் இல்லையாம். ஒரு சாமான் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது என்பதும் ஒரு காரணம், அதை அவர் சொல்லாமலே நான் அறிவேன்.

முதல் வருஷ நினைவுப் பூசைக்கு மகள் வந்தாள். ஒரே மகள், ஜொகூரில் தொழிற்சாலை வேலை. சிரித்த முகம், கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஊருக்குத் திரும்புகிற அன்று அப்பாவும் மகளுமாகக் கடைக்கு வந்தார்கள். அம்மா எழுதியதை அவள் கேட்டிருக்கிறாள். கேபிள் போட்டு அவள் போனுக்கு மாற்றிக் கொடுத்தேன். அவள் போனை இரண்டு கையாலும் வாங்கிப் பைக்குள் வைத்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். பஸ் ஹாரன் அடித்தது. "வரேன்ப்பா, வரேண்ணே," என்று ஓடினாள்.

பஸ் வளைவில் திரும்பும் வரைக்கும் வாசலில் நின்றுவிட்டு, கிராணி உள்ளே வந்து லேப்டாப்பைத் திறந்தார். கோப்பை நீக்கப்போகிறார் என்று பார்த்தவுடன் புரிந்தது. பாய்ந்து கையைப் பிடித்தேன்.

"கிராணி, இது ரோசாச் செடி இல்ல. போனா வராது. ஒரு காப்பி இருக்கட்டும்."

"குடுத்தாச்சு லா தம்பி."

"குடுங்க. யாரு வேணாம்னா? உங்ககிட்டயும் ஒன்னு இருந்தா என்னா கொறஞ்சிரும்?"

"என்கிட்ட ஒன்ன வச்சிக்கிட்டு அவகிட்ட ஒன்னக் குடுத்தா, அது குடுத்ததா? காட்டுனது. ஆயுசு முழுக்க அவ ஆத்தாளுக்கும் நான் எதையும் குடுத்ததில்ல. காட்டிட்டு எழுதி வச்சிக்கிட்டேன். இத ஒன்னாவது முழுசாக் குடுக்குறேன்."

நான் கோபக்காரன். அந்த நேரத்தில் அவர் சொன்னது என் காதில் ஏறவில்லை, பிடிவாதம் மட்டும்தான் தெரிந்தது. நீக்கினார். குப்பைத் தொட்டியையும் காலி பண்ணச் சொன்னார், பண்ணினேன். பிறகு என் கடைக் கணினியைக் கை காட்டினார். அங்கேதான் புத்தகத்தை ஆக்கினேன், மூலம் அங்கே இருந்தது. அழித்துவிட்டேன் என்று பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு என்ன தெரியப்போகிறது? ஆனால் எனக்கு எரிச்சல். "உங்க இஷ்டம், நாளைக்கு எங்கிட்ட வந்து அழாதீங்க," என்று சொல்லி, அவர் கண்முன்னால் ஒன்று விடாமல் அழித்தேன். வீம்புக்கு அழித்தேன் என்பதுதான் உண்மை.

அன்று "யார் கையில்" என்ற பத்தியில் அவர் "மகள்" என்று தட்டினார். வீட்டுக்குப் போய், மனைவியின் தகட்டையே எடுத்து ஆணியில் மாட்டினாராம். மகளுக்கென்று தனியாகத் தகடு கிடையாது.

மூன்று வாரத்தில் என் கழுத்தைப் பிடித்தவர், மகளிடம் வருஷங்கள் ஆகியும் கேட்கவில்லை. கடைக்கு வரும்போதெல்லாம் அந்தப் பதிவைத் திறந்து ஜன்னல் படத்தைப் பார்ப்பார். மழைக்காலத்தில் லேப்டாப்பில் பூஞ்சை பிடித்து, சாவிப்பலகையில் பாதி எழுத்து வேலை செய்யாமல் போனது. அப்போதும் பார்த்தார்.

"ஒரு வார்த்த கேளுங்களேன் கிராணி. அனுப்பச் சொன்னா அனுப்பப்போறா."

"நான் ஒருதரம் முழுசாப் படிச்சிட்டேன். இப்ப அவ படிக்கட்டும்."

"இன்னுமா படிக்கிறா?"

"ஆத்தா எழுதுனதாச்சே, மெதுவாத்தான் படிப்பா. படிச்சியான்னு கேட்டாலே திருப்பிக் கேக்குற மாதிரி ஆயிரும். பெத்த மககிட்ட அப்படிக் கேப்பாங்களா?"

ஞாயிற்றுக்கிழமை தோறும் மகள் போன் பண்ணுவாள். சாப்பிட்டாச்சா, மழையா, மருந்து இருக்கா. புத்தகத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, இவரும் கேட்கவில்லை. பேசாமல் இருப்பதையே அவர் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டார். "வாசிச்சிக்கிட்டு இருக்கா," என்று என்னிடம் சொல்லும்போது அந்த முகத்தில் ஒரு தெளிவு வரும். அவரிடம் நான் கண்ட பெரிய சந்தோஷம் அதுதான்.

போன மழைக்காலத்தில் அவருக்கு மார்ச்சளி கட்டியது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தார். பார்க்கப் போனேன். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. "தம்பி, ஒங்ககிட்ட துப்பறியும் கதை ஒன்னு நிக்கிது," என்றார். அதுதான் என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது. மறுநாள் இல்லை.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் மகள் கடைக்கு வந்தாள். தோளில் அந்த லேப்டாப். என் முன்னால் ஒரு பித்தளைத் தகட்டை வைத்தாள்.

"இது அம்மாவோட தகடு அண்ணே. செவுத்துல மத்த ஆணியெல்லாம் காலி, ஒங்க தகடும் இதுவுந்தான் தொங்குச்சு. இத ஏன் மாட்டி வச்சாரு?"

நான் பதில் சொல்வதற்குள் லேப்டாப்பைத் திறந்துவிட்டாள்.

"அம்மா எழுதுனது இதுல இருக்கும்ல? எனக்கு ஒரு காப்பி போட்டுக் குடுங்கண்ணே. என் போனு அந்த வருசமே போச்சு. மோட்டார் சைக்கிள்ல வந்தவன் பையோட அறுத்துக்கிட்டுப் போயிட்டான். அப்பாகிட்டதான் ஒன்னு இருக்கேன்னு விட்டுட்டேன். சொன்னா வருத்தப்படுவாருன்னு சொல்லவும் இல்ல."

லேப்டாப்பை என் பக்கம் இழுத்தேன். எப்படியோ கேட்டேன்.

"நீ படிச்சிட்டதானே?"

"இல்லண்ணே. தெறக்கவே பயமா இருந்துச்சு. கொஞ்ச நாளு போகட்டும்னு வச்சிருந்தேன்."

பதிவைத் திறந்து அவள் பக்கம் திருப்பினேன். ஜன்னல் படம் வந்தது. அம்மாவின் முழுப்பெயர் வந்தது. கோப்பு என்ற இடம் வெறுமையாக இருந்தது. யார் கையில் என்ற இடத்தில் "மகள்". அவள் அட்டையைத் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினாள். அப்புறம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேபிள், பஸ், குப்பைத் தொட்டி, என் வீம்பு, எதையும் விடவில்லை.

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அழக்கூட இல்லை. குறிப்புப் பெட்டியில் அப்பா தட்டிவைத்த பொருளடக்கத்தை விரல் வைத்துப் படித்தாள். கட்டில். ஆஸ்பத்திரிச் சோறு. மழைக்கோட்டு. என் மகள்.

கடைசித் தலைப்பில் விரல் நின்றது.

"இதுல என்னா எழுதியிருந்தாங்க?"

எனக்குத் தெரிந்தது இரண்டு வரி. மூணாம் கட்டில் காலியானதைச் சொன்னேன். நாற்காலி எண்ணினதைச் சொன்னேன். அவள் விரலை எடுக்கவில்லை.

"அது இல்லண்ணே. இதுல?"

அந்தத் தலைப்பைப் பெரிதாக்கி நடுவில் வைத்தவன் நான்தான். அடியில் நாலைந்து பக்கம் நீளமாக ஓடியது ஞாபகம் இருக்கிறது. ஒரு வரி ஞாபகம் இல்லை, நான் படிக்கவில்லை. அதை முழுதாகப் படித்த ஒரே மனிதரை நான்கு நாள் முன்னால்தான் மண்ணில் வைத்திருந்தோம்.

"தெரியாதும்மா," என்றேன்.

லேப்டாப்பை மூடினாள். எழுந்தாள். தகட்டை மறந்துவிட்டுப் போகிறாளே என்று எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"சாமானத் திருப்பிக் குடுக்காம தகட எடுக்கக் கூடாதுண்ணே," என்றாள் ஸ்டோர் கிராணியின் மகள்.

கடைச் சுவரில் ஆணி அடித்து அதை மாட்டியிருக்கிறேன்.